ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய்: அறுவை சிகிச்சை குறித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்பகப் புற்றுநோய் பெண்களுக்கு மட்டுமே உரிய நோயன்று. ஆண்களுக்கும் முலைக்காம்பின் பின்புறம் சிறிதளவு மார்பகத் திசு உண்டு. அதில் புற்றுநோய் தோன்றக்கூடும். மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரே ஆண். இது அரிய நோய் என்பதாலும், வெளியில் சொல்லக் கூச்சப்படுவதாலும் பல ஆண்கள் காலம் தாழ்த்தியே எங்களிடம் வருகின்றனர்.

வலியில்லாத கெட்டியான கட்டி, காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், ஆறாத புண், அக்குளில் கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆண்களின் மார்பு வீக்கம் பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. ஐயம் இருப்பின், ஸ்கேனும் ஊசி மூலம் எடுக்கப்படும் திசுப் பரிசோதனையும் அதைத் தெளிவுபடுத்தும்.

'கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா?' என்று பலர் கேட்கின்றனர். சிலருக்கு அது இயலும். ஆனால் ஆண்களுக்குத் திசு குறைவு. கட்டியும் பெரும்பாலும் காம்பை ஒட்டியே இருக்கும். ஆகவே காம்புடன் மார்பகத் திசு முழுவதையும் அகற்றுவதே வழக்கம். மார்புத் தசையை நாங்கள் பொதுவாக அகற்றுவதில்லை.

நோய் முதலில் பரவக்கூடிய இடம் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள். அங்கே நோய் இருப்பதற்கான அறிகுறி இல்லையெனில், சாயம் செலுத்தி முதல் சில முடிச்சுகளை மட்டும் கண்டறிந்து எடுத்துப் பரிசோதிக்கிறோம். நீலச் சாயம் பயன்படுத்தினால் ஓரிரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகத் தோன்றலாம், அஞ்ச வேண்டியதில்லை. முடிச்சுகளில் நோய் பரவியிருந்தால், கூடுதல் முடிச்சுகளை அகற்றவோ கதிர்வீச்சு அளிக்கவோ நேரலாம்.

காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற ஒரு குழாய் பொருத்தப்படும். நீரின் அளவை நாள்தோறும் குறித்து வைப்பது வீட்டாரின் பொறுப்பு. அளவு குறைந்தபின் குழாயை எடுத்துவிடுவோம். தோள்பட்டை இறுகாதிருக்க, கற்றுத்தரும் பயிற்சிகளைத் தவறாமல் செய்ய வேண்டும். கை வீங்கினாலோ, காயம் சிவந்து காய்ச்சல் வந்தாலோ தாமதமின்றி வர வேண்டும்.

அறுவை சிகிச்சையோடு மருத்துவம் முடிவதில்லை. ஆண்களுக்கு வரும் இப்புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது ஹார்மோனால் தூண்டப்பட்டு வளர்பவை. அவற்றுக்கு டமாக்சிஃபென் மாத்திரையைக் குறைந்தது 5 ஆண்டுகள் உட்கொள்ள வேண்டும். 'இது பெண்களுக்கான மாத்திரை' என்று எவரேனும் சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உடல் வெப்பம், மனச்சோர்வு, பாலுறவில் நாட்டக் குறைவு போன்றவை ஏற்பட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றுக்கும் வழி உண்டு. கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் அன்றே வாருங்கள். அது இரத்த உறைவாக இருக்கலாம்.

மரபணுப் பரிசோதனையையும் நாங்கள் பரிந்துரைக்கிறோம். பிஆர்சிஏ2 போன்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் உடன்பிறந்தோருக்கும் மகன், மகளுக்கும் அது இருக்கக்கூடும். தந்தை தம் நோயை வெளிப்படையாகக் கூறுவது, பிள்ளைகள் உரிய காலத்தில் தங்களைக் காத்துக்கொள்ள உதவும்.

மேல்சட்டையின்றிக் கோயிலுக்கோ குளிக்கவோ செல்லும்போது தழும்பு தெரியுமே என்ற கவலை இயல்பானதே. அதையும் எங்களிடம் பேசலாம். கூச்சத்தால் சிகிச்சை தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வதே குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி.