குறைமாதச் சிசுவும் சங்கீதமும்

மகுடி என்றவுடன் பாம்பாட்டியும் அவன் கூடையும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. அந்த எளிய வாத்தியம், மாதம் நிறையாமற் பிறந்த சிசுக்களின் நன்மைக்காக ஐரோப்பிய வைத்தியசாலை ஒன்றில் ஒலித்தது என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் விஷயம் உண்மையே. ஸ்விட்ஜர்லாந்தில் ஜினீவா சர்வகலாசாலை வைத்தியசாலையைச் சேர்ந்த டாக்டர் பெத்ரா ஹ்யூப்பி அம்மையாரும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சி 2019-ம் ஆண்டில் வெளியாயிற்று. ஆந்த்ரேயாஸ் வோலன்வைடர் என்னும் அந்நாட்டு வித்துவான் இதற்கெனவே இசை அமைத்துக் கொடுத்தார். துயிலெழும் வேளைக்கு ஒன்று, விழித்திருக்கும் வேளைக்கு ஒன்று, உறங்கப்போகும் வேளைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 8 நிமிஷம். பல வாத்தியங்களைச் சிசுக்களின் அருகே வாசித்து, அவற்றின் முகக்குறியைக் கவனித்த பின்னரே ஹார்ப், சிறுமணி, மகுடி ஆகியவற்றைத் தெரிந்தெடுத்தனர். மகுடி நாதம் கேட்டவுடன், மிகவும் துடித்துக்கொண்டிருந்த குழந்தைகளும் அநேகமாக உடனே அடங்கினவாம்.

பின்பு காந்த யந்திரத்தின் உதவியால் மூளையைப் படம்பிடித்து ஒப்பிட்டனர். இசை கேளாத குறைமாதச் சிசுக்களைவிட, இசை கேட்டவற்றின் மூளை இணைப்புகள், நிறைமாதக் குழந்தைகளின் நிலைக்கு நெருங்கியிருந்தன. புறத்தே நிகழ்பவற்றுள் எது கவனிக்கத்தக்கது என்று பிரித்தறியும் பகுதியிலேயே இந்த வேற்றுமை முக்கியமாகக் காணப்பட்டது.

இது ஏன் நிகழ்ந்தது என்பதை அறியச் சிசு கிடக்கும் இடத்தைச் சிறிது நினைத்துப் பார்க்கவேண்டும். ஏறக்குறைய ஆறாம் மாத முடிவில் கருவிலுள்ள சிசுவுக்குச் செவிப்புலன் வேலைசெய்யத் தொடங்குகிறது. அங்கே அது கேட்பது தாயின் இதயத் துடிப்பும், நீரினூடே மழுங்கி வரும் அவள் குரலுமே. முன்கூட்டிப் பிறந்த குழந்தையோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. சுவாச யந்திரத்தின் இரைச்சல், அபாயமணி, பெட்டிக் கதவு மூடும் ஓசை ஆகியவை இரவு பகல் இன்றி அதன் செவியில் விழுகின்றன. தாயின் குரல் மட்டும் விழுவதில்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், இத்தகைய அறையில் 45 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தம் கவலைக்குரியது என்று 1997-லேயே எச்சரித்தது. இருவர் சாதாரணமாக உரையாடும் சத்தமே சுமார் 60 டெசிபல்! பெரியவரையே பைத்தியமாக்கும் சத்தத்தில் இரண்டு ராத்தல் எடைகூட இல்லாத உயிர் வளரவேண்டியிருக்கிறது.

ஆனால் சங்கீதம் கேட்டால் குழந்தை மேதாவியாகிவிடும் என்று விற்பனைக்காரர் செய்யும் முழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அம்முழக்கத்தின் மூலம் யாது? 1993-ல் கலிபோர்னியாவில் 36 காலேஜ் மாணவர்களை மோஸார்ட்டின் இசையைக் கேட்கச் செய்து சோதித்தனர். அவர்களுக்கு ஒருவகைக் கணக்கில் ஏற்பட்ட திறமை கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. பரீட்சிக்கப்பட்டவர்களில் சிசு ஒன்றுமில்லை! இருந்தும் 1998-ல் ஜார்ஜியா மாகாணத்து கவர்னர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் கேட்டார். நமக்குச் சங்கீத ஞானம் அதிகமில்லை. சாட்சியத்தை எடைபோடும் தொழிலில் சிறிது பழக்கமுண்டு. எந்த நியாயஸ்தலத்திலும் இச்சாட்சி குறுக்கு விசாரணைக்கு நில்லாது.

உண்மையில் சிசுக்களிடமே செய்த சோதனைகள் அடக்கமாகப் பேசுகின்றன. 2010-ல் டெல் அவீவ் டாக்டர்கள், மோஸார்ட் இசை கேட்கையில் 20 குறைமாதச் சிசுக்களின் உடற்சக்திச் செலவு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குறைந்ததாகக் கண்டனர். செலவு குறைந்தால் அச்சக்தி எடை ஏற உதவலாம். ஆனால் 2023-ல் 25 சோதனைகளையும் 1,532 சிசுக்களையும் ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை, இரத்தத்தில் பிராணவாயு அதிகரிப்பதாகச் சொல்லவில்லை. இதயத் துடிப்பு ஓரளவு தணியக்கூடும் என்றே சொல்லிற்று. ஜினீவா ஆராய்ச்சியும் சிறு கூட்டத்தைக் கொண்டதே.

நமது கருத்தை ஈர்ப்பது 2013-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியாகும். 11 ஆஸ்பத்திரிகளில் 272 சிசுக்கள் அதில் இடம்பெற்றன. பெற்றோர் தமக்கு உவந்த பாட்டைத் தாலாட்டாக அமைத்துப் பாட, சிசுக்கள் பால் பருகுவது அதிகரித்தது. பெற்றோரின் மனக்கலக்கமும் குறைந்தது. பாட வித்துவத்தன்மை வேண்டுவதில்லை. பாடுபவள் அறைக்குள் இருக்கவேண்டும், அவ்வளவே.

இங்கேதான் நம் தேசத்துக்கு இவ்விஷயம் நெருங்கி வருகிறது. 2020-ல் உலகில் பிறந்த 1 கோடி 34 லட்சம் குறைமாதக் குழந்தைகளில் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. அவற்றின் தாய்மார் எத்தனையோ பேர், பார்வை நேரத்தை எதிர்நோக்கிக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். டில்லி ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து, 2021-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டன. தாய்க்குத் தீவிர சிகிச்சை அறையிலேயே கட்டில் அளித்து, பிறந்தது முதல் சிசுவை அவள் மார்போடு அணைத்து வைத்தனர். வழக்கமான முறையில் நூற்றுக்குச் சுமார் 16 சிசுக்கள் இறந்தன, இம்முறையில் 12. இசைத்தட்டு எதுவும் இத்தகைய கணக்கைக் காட்டியதில்லை.

ஆகவே, ஒலிபெருக்கி வாங்கப் பணம் ஒதுக்கும் ஆஸ்பத்திரி அதிகாரிகளை நாம் கேட்பது இது: அபாயமணியின் சத்தத்தைக் குறைத்தீர்களா? கதவு ஓசையின்றி மூட ஏற்பாடு செய்தீர்களா? தாழ்வாரத்தில் இருக்கும் அந்த அம்மாளுக்கு உள்ளே ஒரு கட்டில் எப்போது போடப்போகிறீர்கள்?