129 சதுர அடி

இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று பலகை மாட்டிய அறைக்குக் கட்டட விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு 1.5 மீட்டருக்கு 2.2 மீட்டர். பெருக்கினால் 3.3 சதுர மீட்டர்; நம் கணக்கில் 35 சதுர அடிக்குச் சற்று மேல். சக்கர நாற்காலியை உள்ளே ஓட்டிப்போய், சுவர்க் கைப்பிடியைப் பற்றித் தானே இடம் மாறி உட்காரக்கூடியவருக்கு இது போதும். கை கால் வசப்படாத, உட்கார வைத்தால் முதுகு நிற்காத, வளர்ந்த பிறகும் டயப்பர் மாற்ற வேண்டியவர்களுக்குப் போதாது. அப்படிப்பட்டவர்கள் பிரிட்டன் முழுவதும் 2,50,000 பேருக்கு மேல் என்பது அங்கே இதற்காகப் போராடும் அமைப்புகள் சொல்லும் கணக்கு. பச்சைக் குழந்தைக்கு டயப்பர் மாற்றும் மடக்குப் பலகையில் பெரியவர்களைப் படுக்க வைக்க முடியாது. மிஞ்சுவது தரை, அதுவும் பொதுக் கழிப்பறையின் ஈரத் தரை.

அந்தத் தரையில் துண்டை விரித்து மகனைக் கிடத்தும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பையனுக்குப் பதினான்கு வயது, எடை 40 கிலோ என்று வையுங்கள். பாரம் தூக்கும் வேலைக்குப் பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை ஒரு வழிகாட்டி அளவு வைத்திருக்கிறது. தரை மட்டத்திலிருந்து, உடம்போடு ஒட்டித் தூக்கும்போது பெண்ணுக்கு 7 கிலோ, ஆணுக்கு 10 கிலோ. அதற்குள் இருந்தால் ஆபத்து குறைவு. இந்தத் தாய் தூக்குவது அதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. நாற்காலியிலிருந்து இறக்க ஒரு முறை, மறுபடி ஏற்ற ஒரு முறை. பாரம் தூக்குவது பற்றிய 1992-ஆம் ஆண்டு விதிமுறை சம்பளத்துக்கு வேலை செய்பவரின் முதுகைக் காக்கிறது. ஆபத்தான சுமையைக் கையால் தூக்க வைக்காமல் இருக்க முடிந்ததை எல்லாம் செய்வது முதலாளியின் கடமை. பெற்றவளுக்கு முதலாளி இல்லை. அதனால் அவளுடைய முதுகு அந்த விதிமுறைக்குள் வரவில்லை.

தூக்க முடியாத வயது வந்ததும் குடும்பங்கள் செய்வது இன்னும் கொடுமை. வெளியே போகும் நாளில் தண்ணீரைக் குறைப்பார்கள். ஈரமான டயப்பரோடு வீடு வரை சமாளிப்பார்கள். கடைசியில் வெளியே போவதையே விட்டுவிடுவார்கள். இவை எந்த நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்திலும் ஏறாத செலவுகள். ஏறாததால்தான் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் கட்டுமானச் செலவு பெரிதாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

அந்தக் கட்டுமானச் செலவையும் பார்த்துவிடுவோம். 2006-இல் ‘சேஞ்சிங் பிளேசஸ்’ என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கியது. அது கேட்கும் அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர்: 12 சதுர மீட்டர், 129 சதுர அடி. அங்கே ஒரு கார் நிறுத்தக் கோடு போடும் இடம் வழக்கமாக 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர், அதாவது 11.5 சதுர மீட்டர். ஒரு காருக்கு ஒதுக்கும் இடத்தைவிட அரை சதுர மீட்டர்தான் கூடுதல்.

உள்ளே கழிப்புப் பீங்கான் மூலையில் ஒட்டியிருக்காது. இரு பக்கமும் ஆள் நின்று பிடித்துக்கொள்ள ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் காலி இடம். ஏற்றி இறக்கக்கூடிய படுக்கைப் பலகை, குறைந்தது 1.8 மீட்டர் நீளம். அதன்மேல் ஒவ்வொருவருக்கும் புதிதாக விரிக்க அகலமான காகிதச் சுருள். கூரைத் தண்டவாளத்தில் ஓடும் மின்தூக்கி 200 கிலோ வரை தாங்கும். நாற்காலி, பலகை, பீங்கான் மூன்றுக்கும் மேலே போய் நிற்கும். ஆளைத் தாங்கும் தூக்குத் துணியை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும். அதிலும் சில துணிகளுக்கு வார் வளையம், சிலவற்றுக்குப் பிளாஸ்டிக் கொக்கி. தூக்கியின் சட்டத்தில் எது மாட்டும் என்று கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளாவிட்டால், எல்லா வசதியும் இருந்தும் வாசல்வரை வந்து திரும்ப நேரும். கூடவே ஒரு மறைப்புத் திரை. பார்த்துக்கொள்பவருக்கும் அவசரம் வரும், தன் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது என்பதை யாரோ யோசித்து வைத்த திரை அது.

2007-இல் இப்படிப்பட்ட அறைகள் பிரிட்டன் முழுவதும் 140. தேவைப்படுவோரை வகுத்தால் சுமார் 1,785 பேருக்கு ஒன்று. 2020-இல் 1,300-ஐத் தாண்டியது. 192 பேருக்கு ஒன்று. பதின்மூன்று ஆண்டில் ஒன்பது மடங்கு உயர்ந்ததற்குப் பிள்ளைகளை முதுகில் சுமந்தவர்கள் விடாமல் எழுதிய மனுக்களும் காரணம்.

2020 மார்ச் பட்ஜெட்டில் அரசு இங்கிலாந்துக்கு 3 கோடி பவுண்டு அறிவித்தது. 2022 மார்ச்சில் முதல் சுற்றாக 2 கோடியே 35 லட்சம் பவுண்டு 191 உள்ளாட்சிகளுக்குப் போனது. கட்ட வேண்டியவை 500-க்கு மேற்பட்ட அறைகள். சராசரியாக அறைக்கு 47,000 பவுண்டுக்குள் அரசின் பங்கு. பவுண்டுக்கு 100 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் 47 லட்சம். பெரிய தொகைதான். ஆனால் 3 கோடியை 2,50,000 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 120 பவுண்டு. அதுவும் ஒரே முறை.

பணத்தைவிடச் சட்டத்தால் கிடைத்தது அதிகம். 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் புதிதாக எழும் பெரிய கட்டடங்களில் இந்த அறையை வைத்தே ஆக வேண்டும், அதுவும் வழக்கமான மாற்றுத்திறனாளி கழிப்பறைக்குப் பதிலாக அல்ல, அதோடு கூடுதலாக. 350 பேர் கூடும் அரங்கம், 2,500 சதுர மீட்டர் கடை, 30,000 சதுர மீட்டர் வணிக வளாகம், மருத்துவமனை, மயானக் கட்டடம் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆண்டுக்கு 150 கட்டடங்களுக்கு மேல் இதில் வரும் என்பது அரசின் மதிப்பீடு. 2,500 சதுர மீட்டர் கடையில் 12 சதுர மீட்டர் என்பது பரப்பில் 0.48 சதவீதம். 30,000 சதுர மீட்டர் வளாகத்தில் 0.04 சதவீதம்.

கட்டி முடித்ததோடு செலவு நிற்காது. ஆளைத் தூக்கும் கருவி என்பதால் 1998-ஆம் ஆண்டு விதிப்படி மின்தூக்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். கட்டுமானத்தோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. இதை விட்டுவிட்டுத் தூக்கி நின்றுபோனால், 47,000 பவுண்டு அறை அந்தத் தாய்க்குப் பழைய தரையாகிவிடும்.

சட்டத்தின் ஓட்டை பழைய கட்டடங்களில் இருக்கிறது. 2021-க்கு முன்பே எழுந்து, பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் நிற்கும் வணிக வளாகத்தை இந்த விதி தொடாது. மக்கள் தினமும் போய்வருவதோ பெரும்பாலும் அந்தப் பழைய கட்டடங்களுக்குத்தான். அவற்றுக்கும் ஒரு கெடு வைக்க வேண்டும். வாகன நிறுத்தத்தில் ஒரே ஒரு காரின் இடத்தை விட்டுக்கொடுத்தாலே முக்கால்வாசி வளாகங்களுக்கு இடப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.