கீமோவுக்கு முன்னாடியே கேட்டுடுங்க!

நெல்லியாளத்தில் 22 வயதுப் பையன் ஒருவனுக்கு விரையில் புற்றுநோய்க் கட்டி என்று வைத்துக்கொள்வோம். கூடலூரில் பார்த்து, ஊட்டிக்கு அனுப்பி, அங்கிருந்து கோவைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, பையன் பிழைக்கணும். "பின்னாடி இவனுக்குக் குழந்தை பிறக்குமா டாக்டர்?" என்று கேட்க யாருக்கும் தோன்றாது. தோன்றினாலும், "உயிருக்கே போராடறப்ப இது ஒரு கேள்வியா?" என்று பெரியவங்க அடக்கிடுவாங்க. ஆனால் அதைக் கேட்கச் சரியான நேரம் முதல் ஊசிக்கு முன்புதான்.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. விந்தணுவை உண்டாக்கும் செல்களும் அப்படிப் பெருகுபவைதான். பெண்களுக்கோ கருமுட்டை இருப்பு பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது. அழிந்தால் திரும்ப வராது. அடிவயிற்றில் கொடுக்கும் கதிர்வீச்சும் பாதிக்கும். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றில்லை. மருந்து, அளவு, வயது பொறுத்து மாறும். அதனால்தான் உங்கள் டாக்டரிடமே கேட்கணும்.

ஆண்களுக்கு வேலை சுலபம். ஆய்வகத்தில் விந்து மாதிரி கொடுத்தால் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்துவிடுவார்கள். ஓரிரு நாளில் முடிந்துவிடும், சிகிச்சை தள்ளிப்போகாது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1996-ல் இதே விரைப் புற்றுநோய்க்கு கீமோ தொடங்கும் முன் இப்படித்தான் சேமித்தார்; 1999-ல் முதல் மகன் பிறந்தான். (பட்டங்கள் பறிபோனது வேறு கதை.)

பெண்களுக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். சுமார் 2 வாரம் ஹார்மோன் ஊசி போட்டு, முட்டைகளை எடுத்து உறையவைப்பார்கள். திருமணமானவர்கள் கருவாகவும் சேமிக்கலாம். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளிலும் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோய் என்றால் ஹார்மோன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். "கல்யாணம் ஆகாத பொண்ணை அந்த ஆஸ்பத்திரிக்கா?" என்று தயங்குபவர்கள் அதையும் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

வயதுக்கு வராத சிறுமிகளுக்கு முட்டை எடுக்க முடியாது. சினைப்பைத் திசுவையே எடுத்துச் சேமித்து, பின்னால் திரும்பப் பொருத்தலாம். இந்த வழியில் முதல் குழந்தை 2004-ல் பெல்ஜியத்தில் பிறந்தது. ரத்தப் புற்றுநோயில் மட்டும் திசுவோடு நோய்ச் செல்லும் திரும்பிவிடும் ஆபத்து உண்டு. அந்த நோயில் 2 வாரம் காத்திருக்கவும் பெரும்பாலும் முடியாது. பருவமடையாத சிறுவர்களுக்கான முறை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. அதற்கு யாராவது பெரிய தொகை கேட்டால் ஒருமுறைக்கு இருமுறை விசாரியுங்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்குத் தூரம்தான் பெரிய சிக்கல். நடுவட்டம் ஏறி, ஊட்டி கடந்து, மலை இறங்கிக் கோவை போய்வருவதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். எனவே புற்றுநோய் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து வைத்து, கருத்தரிப்பு மையத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் முடியுங்கள்.

மையம் 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று பாருங்கள். அந்தச் சட்டப்படி கருவை 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உங்கள் மாதிரியை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. உறையவைக்கும் செலவும் அதில் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். 1800 425 3993 எண்ணில் முதலில் கேளுங்கள். மற்ற மருத்துவ ஆலோசனைக்கு 104. கீமோ ஏற்கெனவே தொடங்கியிருந்தால், அடுத்த சுற்றுக்கு முன் டாக்டரிடம் இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள்.