கணிதம் இரண்டாம் வினாத்தாள்: ஒரு படி தெரியாவிட்டால் முழு வினாவையும் விடலாமா?

க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் சித்தியடைவது உயர்தர வகுப்பில் சேர்வதற்கான முக்கிய தகைமைகளுள் ஒன்றாகும். எனினும், பாடத்தை ஓரளவு நன்றாகக் கற்ற மாணவர்கள்கூடத் தமக்குக் கிடைக்கக்கூடிய புள்ளிகளை இழந்துவிடுகின்றனர். வினாவின் ஒரு சிறு பகுதி விளங்காதவுடன் முழு வினாவையும் விட்டுவிடுவது இதற்கு ஒரு காரணமாகும். இதனைத் தவிர்க்கும் வழிகளை நோக்குவோம்.

1. நேரத்தைப் பங்கிடுதல்

இரண்டாம் வினாத்தாளுக்குரிய நேரம் 3 மணித்தியாலங்கள். இரு பகுதிகளிலும் 6 வினாக்கள் வீதம் தரப்படும். ஒவ்வொரு பகுதியிலும் 5 வினாக்கள் வீதம் 10 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். ஒரு வினாவுக்கு 10 புள்ளிகள். வினா ஒன்றுக்கு 16 நிமிடங்கள் என வைத்துக்கொண்டால் 160 நிமிடங்கள் செலவாகும். மீதி 20 நிமிடங்களை விடைகளைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். மேலதிக வாசிப்பு நேரத்தில் எல்லா வினாக்களையும் வாசித்து, எழுதக்கூடியவற்றைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். ஒரு பகுதியில் 6, மற்றையதில் 4 என எழுதுவதால் பயனில்லை.

2. 'காட்டுக' எனும் சொல் தரும் உதவி

பின்வரும் வினாவைக் கவனியுங்கள்.

ஒருவர் ரூபா 60 000 ஐ முதலீடு செய்து, பங்கொன்றின் சந்தை விலை ரூபா 30 ஆகவுள்ள கம்பனியொன்றின் பங்குகளை வாங்கினார். அக்கம்பனி பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் ரூபா 3 பங்கிலாபம் வழங்குகிறது.
(அ) வாங்கிய பங்குகளின் எண்ணிக்கை யாது?
(ஆ) ஆண்டுப் பங்கிலாப வருமானம் யாது?
(இ) அவர் எல்லாப் பங்குகளையும் பங்கொன்று ரூபா 36 வீதம் விற்று, அப்பணம் முழுவதையும் கொண்டு, பங்கொன்றின் சந்தை விலை ரூபா 24 ஆகவும் ஆண்டுப் பங்கிலாபம் ரூபா 2.50 ஆகவும் உள்ள வேறொரு கம்பனியின் பங்குகளை வாங்கினார். அவரது ஆண்டு வருமானம் ரூபா 1500 ஆல் அதிகரிக்கும் எனக் காட்டுக.
(ஈ) அவ்வதிகரிப்பு முன்னைய வருமானத்தின் என்ன சதவீதம்?

விடை:
(அ) 60 000 ÷ 30 = 2000 பங்குகள்
(ஆ) 2000 × 3 = ரூபா 6000
(இ) விற்றுப் பெற்ற பணம் = 2000 × 36 = ரூபா 72 000
புதிய பங்குகள் = 72 000 ÷ 24 = 3000
புதிய வருமானம் = 3000 × 2.50 = ரூபா 7500
அதிகரிப்பு = 7500 − 6000 = ரூபா 1500
(ஈ) (1500 ÷ 6000) × 100 = 25%

பகுதி (இ) உங்களுக்கு விளங்கவில்லை எனக் கொள்வோம். அங்கு நிறுத்திவிட வேண்டாம். ரூபா 1500 என்பது வினாவிலேயே தரப்பட்டுள்ளது. ரூபா 6000 ஐ நீங்களே கண்டுள்ளீர்கள். ஆகவே பகுதி (இ) க்கு இடம் விட்டு, பகுதி (ஈ) ஐச் செய்துவிடலாம்.

மாறாக, (இ) ஐச் செய்தும் 1500 வராவிட்டால் முன்னைய படிகளில் எங்கோ தவறு உள்ளது. விடையைப் பொருத்துவதற்காக எண்களை மாற்றாது, (அ) இலிருந்து மீண்டும் பாருங்கள்.

3. படிமுறைகளை எழுதுதல்

இறுதி விடைக்கு மட்டுமன்றிச் செய்முறைக்கும் புள்ளிகள் வழங்கப்படும். 2000 × 36 என எழுதியபின் பெருக்கலில் தவறினாலும், முறைக்குரிய புள்ளியைப் பெற வாய்ப்புண்டு. வெறும் விடையை எழுதி அது பிழைத்தால் ஒன்றும் கிடையாது. தவறான செய்கையை ஒரு கோட்டினால் வெட்டிவிட்டுக் கீழே புதிதாக எழுதுங்கள்.

4. விடை பொருந்துகிறதா?

பங்குகளின் எண்ணிக்கை தசமத்தில் வந்தாலோ, முக்கோணியொன்றின் கோணம் 180° ஐ விஞ்சினாலோ உடனே திரும்பிப் பாருங்கள். அலகுகளை எழுத மறவாதீர்கள்.

கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும்போதே இவற்றைப் பழகிக்கொள்ளுங்கள். விடுபட்ட பகுதிக்கு அடுத்த பகுதியையும் ஒருமுறை வாசித்துப் பார்த்த பின்னரே அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.