உங்களுக்குத் தெரியுமா? நிறம் பார்க்கும் மருத்துவக் கருவி!

கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அது கறுத்த தோலில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். விரலுக்குள் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணக்குப் போடும் கருவி அது. தோலில் உள்ள மெலனின் என்ற நிறமியும் அந்த ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. 2020இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில் தமனி ரத்தத்தையும் சோதித்தார்கள். உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம்!

இது புதுச் செய்தியும் அல்ல. 1990லேயே ஓர் ஆய்வு எச்சரித்துவிட்டது. ஆனாலும் 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வகுத்த நெறி என்ன தெரியுமா? பத்துப் பேரிடம் சோதித்தால் போதும். அதில் இருவர் கறுத்த தோல்காரர்களாக இருந்தால் சரி. 150 பேராவது வேண்டும் என்ற வரைவு 2025 ஜனவரியில்தான் வந்தது. இதைத் தாமதம் என்று சொல்வதே நாகரிகம் கருதித்தான்.

*

யாரைச் சோதிக்கிறார்கள் என்ற சிக்கல் கைக்கடிகாரத்திலும் உண்டு. ஆப்பிள் கைக்கடிகாரம் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டுபிடிக்குமா என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் 6 சதவீதம்தான். அந்தக் கோளாறு அதிகம் வருவதோ முதியவர்களுக்கு. ஐபோனும் கடிகாரமும் சொந்தமாக வைத்திருந்தால்தான் ஆய்வில் இடம்!

*

விழித்திரைப் படத்தில் சர்க்கரை நோய்ப் பாதிப்பைக் கண்டறியும் கூகுள் மென்பொருளுக்குப் பாடம் சொன்ன படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. அதே மென்பொருள் தாய்லாந்தின் சிறு மருத்துவ நிலையங்களுக்குப் போனபோது, 21 சதவீதப் படங்களைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. பல இடங்களில் படமெடுக்க இருட்டறையே இல்லை.

*

ஆய்வில் எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவசுப்பாய் பழங்குடியினர் 1990 முதல் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதே ரத்தம் மனச்சிதைவு நோய், இனத்தின் பூர்வீகம் என வேறு ஆய்வுகளுக்கும் போனது. வழக்குக்குப் பின் 2010இல் 7 லட்சம் டாலரும் மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் அவர்களிடம் வந்து சேர்ந்தன.

உங்கள் உடல்நலத் தகவலை ஏதாவது கைபேசிச் செயலி ‘ஆராய்ச்சிக்கு’ என்று கேட்டால், எந்த ஆராய்ச்சிக்கு என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.