மங்கா: எங்கே எடுப்பது?

முத்து காமிக்ஸில் 1972-இல் வந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். டிராம்பேயில் வளரும் நம் பிள்ளைகள் கேட்பதோ மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை. நெட் இல்லாத நேரத்திலும் படிக்க வேணுமாம்!

முதலில், வெளியிடும் உரிமை யாருக்கு என்று பாருங்கள். விஸ் நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் செயலியில் 2018 டிசம்பர் முதல் இந்தியாவிலும் சந்தா கட்டலாம். கதைகளை இறக்கி வைத்தும் படிக்கலாம். சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். யாரோ ஸ்கேன் செய்து போட்டது இலவசம்தான். ஆனால் வரைந்தவர் கைக்கு ஒரு பைசா போகாது.

உரிமையோடு இலவசமும் வேண்டுமா? மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களைக் கோப்புகளாகத் தருகிறது. ஒருமுறை இறக்கினால் போதும், நெட் வேண்டாம், சந்தா வேண்டாம். மங்காவுக்குப் பக்கத்தில் அதையும் போனில் ஏற்றிக் கொடுங்கள்.