ஒரே பரிசோதனையில் பல மாதிரிகள் ஏன்?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து நீடித்த இருமலுடன் வருவோரின் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால், குடும்பத்தார் முதலில் காசநோயையே நினைக்கின்றனர். நுரையீரல் புற்றுநோயும் அத்தகைய நிழலைக் காட்டக்கூடும். கிருமி உறுதியாகாத நிலையில் காசநோய் மருந்தையே மாதக்கணக்கில் தொடர்ந்தால், புற்று வளர அவகாசம் கிடைத்துவிடும். ஆகவே பிராங்கோஸ்கோப்பி மூலம் மாதிரி எடுத்து, இரு நோய்களுக்கும் பரிசோதிக்கிறோம்.

மாதிரி எடுக்கும் முறைகள் சமமானவை அல்ல. உப்புநீர் செலுத்தி உறிஞ்சும் முறையிலும், சிறு தூரிகையால் தேய்த்தெடுக்கும் முறையிலும் உதிரி அணுக்களே கிடைக்கும். இடுக்கியால் கிள்ளியெடுக்கும் பயாப்ஸி திசுவையே தருகிறது. புற்றின் வகையை அறியவும், தக்க மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் அது உதவும். சிறிதளவு ரத்தக்கசிவு ஏற்படலாம்.

அமெரிக்க மார்பு மருத்துவர்கள் கல்லூரியின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, நுரையீரலின் மையப்பகுதியில் புற்றுள்ள 100 பேரில், கழுவுநீர் ஏறத்தாழ பாதிப்பேரிடமும், தூரிகை சுமார் 60 பேரிடமும், பயாப்ஸி 74 பேரிடமும் நோயைக் கண்டறிகிறது. முறைகள் ஒருங்கே சேரும்போது அது 88 ஆகிறது. ஒன்று தவறவிடுவதை மற்றொன்று பிடிக்கிறது.

மூச்சுக்குழாய்ச் சுவருக்கு வெளியே, நிணநீர்க் கணுவில் ஐயம் இருப்பின், ஒலியலைப் படத்தின் துணையுடன் ஊசியால் எடுக்கும் ஈபஸ் முறை தேவைப்படும்.

‘புற்று அணுக்கள் இல்லை’ என்னும் அறிக்கை மட்டுமே இறுதித் தீர்ப்பாகாது. நிழல் மறையாவிடில் மீண்டும் வாருங்கள். ரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் முன்கூட்டியே எங்களிடம் தெரிவியுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.